முதிர்ச்சிக்காலப் படைப்பு: ரோத்கோவின் அறைக்குள் நுழைவதற்கு முன்

ஓவியக் கண்காட்சிகளில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டையை வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும்: ‘முதிர்ச்சிக்காலப் படைப்பு’. அரூப ஓவியர் ஒருவரின் கண்காட்சியில் இதைப் பார்க்கும்போது கொஞ்சம் எரிச்சல்கூட வரலாம். எதிரே ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு கேன்வாஸ். மேலே ஒரு செவ்வகம், கீழே ஒரு செவ்வகம், அவ்வளவுதான். மனிதர்களையும் தெருக்களையும் வரையத் தெரிந்த ஒருவர் இருபது வருஷம் பாடுபட்டு வந்து சேர்ந்த இடம் இதுதானா? இதில் முதிர்ந்தது எது?

நியாயமான கேள்வி. அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ரோத்கோவை வைத்துப் பதில் சொல்வது சுலபம். வேறு பல ஓவியர்களின் பாதையில் எல்லைக்கோடு மங்கலாக இருக்கும். இவர் விஷயத்தில் ஏறக்குறைய 1949 என்று விரல் வைத்துக் காட்டலாம்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுவோம். முதிர்ச்சிக்காலத்துக்கும் முதுமைக்கும் சம்பந்தம் இல்லை. முப்பது வயதில் முதிர்ச்சி அடைந்த ஓவியர்கள் உண்டு; எழுபதிலும் அடையாதவர்கள் உண்டு. இன்னொருவர் சாயல் இல்லாமல், தூரத்திலிருந்தே ‘இது இன்னார் கை’ என்று சொல்லும்படி ஓர் ஓவியர் வரையத் தொடங்கும் காலத்தைத்தான் கலை வரலாற்றில் அப்படிச் சொல்கிறார்கள். அதற்கு அடுத்து ‘கடைசிக்காலப் படைப்பு’ என்று ஒன்று தனியாக உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரோத்கோ 1903-இல், அன்றைய ரஷ்யப் பேரரசின் த்வின்ஸ்க் நகரில் பிறந்தவர். இன்று அது லாட்வியாவில் இருக்கும் டௌகாவ்பில்ஸ். பத்து வயதில் அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கு வந்து சேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு, நியூயார்க் போய் ஓவியரானார். வயிற்றுப்பாட்டுக்குப் புரூக்ளினில் ஒரு யூதப் பள்ளியில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1929-இல் சேர்ந்த அந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார் என்பதிலிருந்தே, படம் விற்ற லட்சணம் தெரியும்.

1930-களில் அவர் வரைந்தவற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள். சுரங்க ரயில் நிலையங்களில் தூண்களுக்கு நடுவே, தூண் போலவே ஒடுங்கி நீண்ட ஆட்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. 1940-களின் தொடக்கத்தில் ஆட்கள் போய், கிரேக்கத் தொன்மங்களும், நீருக்கடியில் மிதக்கும் உயிரிகள் போன்ற வடிவங்களும் வந்தன. கனவையும் ஆழ்மனத்தையும் வரைந்த ஐரோப்பிய சர்ரியலிசத்தின் செல்வாக்கு அதில் பளிச்சென்று தெரியும். 1946 வாக்கில் அந்த வடிவங்களும் கரைந்து, எல்லை கலங்கிய வண்ணத் திட்டுகளாக ஆயின. இவற்றை இன்று ‘மல்டிஃபார்ம்’ என்கிறார்கள். அந்தப் பெயர் அவர் வைத்ததல்ல, பிற்பாடு வந்தது.

இந்தப் பதினைந்து வருஷத்தைத் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் எதையோ கழற்றி வைத்துக்கொண்டே வந்திருப்பது தெரியும். மனித உருவம் போயிற்று. கதை போயிற்று. கோடு போயிற்று. படத்தின் தலைப்பும் போய், எண் மட்டும் வந்தது. சட்டமும் போயிற்று. 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘சிவப்பு ஓவியக்கூடம்’ படத்தை வாங்கி மாட்டியது. அறை, தரை, மேஜை எல்லாம் ஒரே சிவப்பில் அமிழ்ந்து கிடக்கும் படம் அது. ரோத்கோ அதன் முன்னால் போய் நின்றார். மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய் நின்றார். அதே ஆண்டில்தான் அவருடைய திட்டுகள் சீராகி, இரண்டு மூன்று செவ்வகங்களாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்பட்டன. அந்த அடுக்கை 1970-இல் இறக்கும்வரை அவர் முழுதாகக் கைவிடவில்லை. கழற்ற வேண்டியதெல்லாம் கழற்றிய பிறகு, இதற்கு மேல் எடுத்தால் படமே நிற்காது என்ற இடத்தில் மிஞ்சியதுதான் அந்தச் செவ்வகங்கள். முதிர்ச்சி என்று நான் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான்.

‘சரி, அதையே இருபது வருஷமா வரைவார்கள்?’ என்று கேட்கலாம். குறள் வெண்பா எழுதுகிறவரிடம் ஏன் எட்டாவது சீர் போடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அளவு முடிவாகிவிட்டால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மொத்தக் கவனமும் உள்ளே நடப்பதற்குப் போய்விடும். ரோத்கோவுக்கு இந்த அடுக்கு அப்படி ஓர் ஏழு சீர்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். 1953-இல் வரைந்த ‘எண் 61’ லாஸ் ஏஞ்சலஸ் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘துருவும் நீலமும்’ என்றும் அதைச் சொல்வார்கள். உயரம் கிட்டத்தட்ட 2.9 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். மேலே துருப்பிடித்த இரும்பின் பழுப்பு, அதன் கீழே வெவ்வேறு அழுத்தங்களில் நீலம். புத்தகத்தில் அச்சிட்டுப் பார்த்தால் மூன்று பட்டை. நேரில் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது செவ்வகங்களின் ஓரம். ஸ்கேல் வைத்து இழுத்த ஓரம் கிடையாது. ஈரத் துணியில் மை பரவுவதுபோல ஒரு வண்ணம் இன்னொன்றுக்குள் கசிந்து நிற்கும். அந்தக் கசிவால்தான் செவ்வகம் ஒரு கணம் முன்னால் மிதந்து வருவதுபோலவும், அடுத்த கணம் பின்னால் ஒதுங்குவதுபோலவும் தெரிகிறது.

இது கைவேலையின் விளைவு. வண்ணத்தை அவர் டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து, மெல்லிய படலமாகப் பூசுவார், அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. அடித்தளமாகப் பூசும் பசையிலேயே நிறமியைக் கலந்துவிடுவார். முட்டை, டாமர் பிசின் என்று இன்னும் என்னென்னவோ சேர்த்தார். வேலை செய்யும்போது யாரும் பார்ப்பது பிடிக்காது என்பதால், சில படங்களில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மேல்படலங்கள் மெல்லியவை என்பதால் வெளிச்சம் அவற்றைத் துளைத்து அடிவரை போய்த் திரும்பி வருகிறது. படம் உள்ளிருந்து ஒளிர்கிறது என்று பார்த்தவர்கள் சொல்வதன் சூட்சுமம் இதுதான். கைபேசித் திரையில் இந்த அடுக்கு தெரியாது. திரையில் எல்லா நிறமும் ஒரே கண்ணாடியிலிருந்து வருகிறதே!

ஓரங்களைக் கவனித்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கையும் கிடைக்கும். சில கேன்வாஸ்களில் வண்ணம் வழிந்த தடம் மேல்நோக்கிப் போயிருக்கும். வரையும்போது படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வேலை செய்திருக்கிறார். ஆணி அடித்து மடித்த பக்கவாட்டிலும் வண்ணம் தொடரும். சட்டத்தை ஏன் விட்டார் என்பது அங்கே நின்று பார்த்தால் புரியும்: படம் ‘இதோடு முடிந்தது’ என்று எங்குமே சொல்வதில்லை.

இதுவரை சொன்னது பாதிதான். ரோத்கோ வரைந்து முடித்துக் கைகழுவி விடுகிறவர் அல்ல. படம் எந்த அறையில், எவ்வளவு உயரத்தில், எந்த வெளிச்சத்தில் தொங்க வேண்டும் என்பதிலும் தலையிடுவார். கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு அது பெரிய தலைவலியாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய முதிர்ச்சிக்கால ஓவியங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது.

1961-இல் லண்டனின் வொயிட்சேப்பல் கலைக்கூடத்தில் அவருடைய படங்கள் போனபோது கூடவே ஒரு குறிப்பும் போனது. சுவர் பளிச்சென்ற வெள்ளையாக இருக்கக் கூடாது. பழுப்பு கலந்து, துளி சிவப்பும் சேர்ந்த மங்கல் வெள்ளையாக இருக்க வேண்டும். காரணமும் எழுதியிருந்தார்: என் படங்களில் சிவப்பு அதிகம், சுவர் ரொம்ப வெளுப்பாக இருந்தால் படங்கள் பச்சையடிக்கும். பெரிய படங்களைத் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வெளிச்சம் அதிகம் வேண்டாம். படத்துக்கே உள்வெளிச்சம் இருக்கிறது, மேலே விளக்கடித்தால் வண்ணம் வெளுத்துப் போகும்.

பார்வையாளர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கும் அவர் கணக்கு வைத்திருந்தார்: பதினெட்டு அங்குலம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர். இன்று அவ்வளவு கிட்டே போனால் காவலர் ஓடி வருவார். ஆனாலும் அந்தத் தூரத்தில் நடப்பதைக் கற்பனை செய்துபார்க்கலாம். படத்தின் நான்கு ஓரமும் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். பார்ப்பதற்கு வண்ணம் மட்டும்தான் இருக்கும். பெரிய படம் என்றால் ஆடம்பரம், ஆளை மிரட்டுவது என்பது வழக்கமான எண்ணம். அவரோ 1951-இல் பேசும்போது நேர்மாறாகச் சொன்னார். சின்னப் படத்தை வரைகிறவர் அதற்கு வெளியே நிற்கிறார். பெரிய படத்தில் அதற்குள்ளேயே இருக்கிறார். நெருக்கம் வேண்டும் என்பதற்காகத்தான் பெரிதாக வரைகிறேன் என்பது அவர் வாதம்.

வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் சேகரிப்பில் 1960-லேயே ஒரு சின்ன அறையை அவர் படங்களுக்கு மட்டும் ஒதுக்கினார்கள். வந்து பார்த்த ரோத்கோ நாற்காலிகள் வேண்டாம், ஒரே ஒரு பெஞ்சு போதும் என்றார். அந்த அறை இன்றும் இருக்கிறது. அகண்ட கூடத்தில் இருபது ரோத்கோக்களைப் பார்ப்பதைவிட அந்த மாதிரி ஓர் அறையில் மூன்று நான்கைப் பார்ப்பது மேல் என்பது என் எண்ணம். 2023-24-இல் பாரிஸின் லூயி வுட்டோன் அறக்கட்டளையில் 115 படைப்புகளைத் திரட்டி வைத்தார்கள். அப்படிப்பட்ட கண்காட்சியில், அவர் எதையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்தார் என்ற பாதை முழுதும் கண்முன்னால் விரியும். அது வேறு வகைப் பயன். ஒரு படத்தோடு உட்கார அங்கே பொறுமை இருக்காது.

தவறான அறை என்றால் என்ன ஆகும்? அதற்கும் அவர் வாழ்க்கையிலேயே கதை இருக்கிறது. 1958-இல் நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் புதிதாக எழுந்திருந்த சீக்ரம் கட்டடத்தின் ‘ஃபோர் சீசன்ஸ்’ உணவகத்துக்குச் சுவரோவியங்கள் கேட்டார்கள். தொகை 35,000 டாலர். அன்றைக்குப் பெரிய பணம். பவரி தெருவில் பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, உணவகச் சுவரின் அளவுக்கே சாரம் கட்டி வேலை செய்தார். முப்பது கேன்வாஸ் வரை போயிற்று. அடுக்குச் செவ்வகம் இங்கே நிமிர்ந்து, ஜன்னல் சட்டம்போல, வாசல்போல ஆனது. மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் ஒதுங்கி அடர்சிவப்பும் கறுப்பும் வந்தன. ஃபுளோரன்ஸில் மிக்கலாஞ்சலோ கட்டிய லாரன்ஷியன் நூலகத்தின் முன்கூடத்தில், திறக்கவே முடியாத பொய் ஜன்னல்கள் சுவரில் பதிந்திருக்கும். அங்கே நிற்பவருக்கு நான்கு பக்கமும் அடைபட்ட உணர்வு வரும். அதைத்தான் தேடினேன் என்று அவர் பின்னால் சொல்லியிருக்கிறார்.

சாப்பிட வந்தவர்களை அடைத்துவைக்கும் ஓவியம்! இது நடக்கிற காரியமா? 1959-இல் மனைவியோடு அந்த உணவகத்துக்கே போய் ஒரு வேளை சாப்பிட்டார். வெளியே வந்தபோது முடிவு எடுத்தாயிற்று. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பணக்காரர்கள் மேலான கோபம் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். கோபம் இருந்தது உண்மைதான். அதைவிட எளிய காரணம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: கத்தி, முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவே அந்தப் படங்களை ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

அவற்றில் ஒன்பதைப் பிற்பாடு லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கேயும் அட்டையில் செய்த சின்ன மாதிரி அறையை வைத்து எது எங்கே என்று திட்டமிட்டார்கள். டேட்டைத் தேர்ந்தெடுத்ததில், ஆங்கில ஓவியர் டர்னரின் படங்கள் இருக்கும் இடம் என்ற ஆசையும் உண்டு. ‘இந்த டர்னர் என்னிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறார்’ என்று ரோத்கோ வேடிக்கையாகச் சொன்னாராம். டர்னர் இறந்தது 1851-இல். படங்கள் 1970 பிப்ரவரி 25 அன்று லண்டன் வந்து இறங்கின. அதே நாள் காலை நியூயார்க்கில், தன் ஓவியக்கூடத்தில், அவர் தற்கொலை செய்துகொண்டு இறந்து கிடந்தது தெரியவந்தது.

இந்த முடிவைத் தெரிந்துகொண்டு கண்காட்சிக்குப் போகிறவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. மஞ்சள், ஆரஞ்சு என்றால் சந்தோஷம். கறுப்பு, சாம்பல் என்றால் மனச்சோர்வு. ஆகவே படங்கள் வரவர இருண்டுகொண்டே போய் ஆள் இறந்துவிட்டார். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. 1968-இல் பெருந்தமனி வீங்கி அவர் படுத்தபோது, பெரிய கேன்வாஸ் வேண்டாம் என்று மருத்துவர்கள் தடுத்தார்கள். காகிதத்தில், அக்ரிலிக்கில் வரையத் தொடங்கினார். ‘சாம்பல்மேல் கறுப்பு’ வரிசை வந்த அதே காலத்தில் இளஞ்சிவப்பிலும் வெளிர்நீலத்திலும் காகித ஓவியங்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் அந்தக் கதை நொண்டியடிக்கும். நிறத்தை மனநிலை அகராதிபோல் புரட்டாமல் இருந்தாலே பாதி சிக்கல் தீர்ந்துவிடும். அவருக்கே ‘வண்ண விற்பன்னர்’ என்று யாராவது சொன்னால் பிடிக்காது. துயரம், பரவசம், அழிவு என்ற அடிப்படை மனித உணர்வுகள்தான் தன் அக்கறை என்பார். தன் படங்களின் முன் அழுகிறவர்கள், அவற்றை வரையும்போது தனக்கு ஏற்பட்ட அதே அனுபவத்தை அடைகிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்காக நாமும் அழுதே தீர வேண்டும் என்று இல்லை. அழுகை வரவில்லையே என்று அங்கே நின்று கவலைப்படுவது இன்னும் மோசம்.

அப்புறம், எப்படிப் பார்ப்பது? அட்டையைக் கடைசியில் வாசியுங்கள். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, பெஞ்சு இருந்தால் உட்காருங்கள். பத்து நிமிஷம் கொடுங்கள். இதில் மாயம் எதுவும் இல்லை. மங்கலான வெளிச்சத்துக்குக் கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். இருண்ட படங்களில் முதலில் ஒரே கறுப்பாகத் தெரிந்தது, மெல்ல நாவல்பழ நிறமாகவும் காய்ந்த ரத்தத்தின் பழுப்பாகவும் பிரியத் தொடங்கும். செவ்வகத்தின் நடுவை விட்டு ஓரத்தைப் பாருங்கள். பிறகு, காவலர் அனுமதிக்கும் அளவுக்குக் கிட்டே போய், மறுபடி பின்வாங்குங்கள். ஒன்றுமே தோன்றவில்லையா, அடுத்த படத்துக்குப் போகலாம். தப்பே இல்லை.

வெளிச்சத்துக்கு அவர் கொடுத்த இடம் எவ்வளவு பெரியது என்பதை அவர் காலத்துக்குப் பிறகு நடந்தவைதான் நன்றாகக் காட்டுகின்றன. ஹூஸ்டனில் 14 ஓவியங்களோடு எண்கோண வடிவில் ஒரு வழிபாட்டுக்கூடம் 1971-இல் திறந்தார்கள். நியூயார்க் ஓவியக்கூடத்தின் கூரை ஜன்னல்போலவே அங்கேயும் வேண்டும் என்பது அவர் விருப்பம். டெக்சஸ் வெயில் நியூயார்க் வெயிலைப்போலவா இருக்கும்? கூரை வழியாக இறங்கிய ஒளியைத் தடுக்கப் பல வருஷம் என்னென்னவோ மாட்டிப் பார்த்து, 2020-இல்தான் புதிய கூரை அமைப்போடு மறுபடி திறந்தார்கள்.

ஹார்வர்ட் கதை இன்னும் சோகம். 1964-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஹோலியோக் மையத்தில் அவருடைய ஐந்து சுவரோவியங்கள் மாட்டப்பட்டன. எந்த அறையில் தெரியுமா? மேல்தளத்துச் சாப்பாட்டு அறையில். உணவகம் வேண்டாம் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்த மனிதர்! பெரிய கண்ணாடி ஜன்னல்கள். திரைச்சீலையை மூடாமலே விட்டார்கள். அடர்சிவப்பைக் கொண்டுவர அவர் கலந்திருந்த லித்தால் சிவப்பு என்ற நிறமிக்கு வெயில் ஆகாது. சிவப்பு வெளுக்க வெளுக்க, ஓவியங்களில் சில பகுதிகள் நீலம் பாரித்தன. 1979-இல் எல்லாவற்றையும் கழற்றி இருட்டறைக்குள் வைத்தார்கள்.

மேலே வண்ணம் பூசிச் சரிசெய்ய முடியாது. வார்னிஷ் போடாத பரப்பு என்பதால், தொட்டால் அவர் கைவேலையின்மேலேயே கைவைத்தது போலாகிவிடும். 2014-இல் ஹார்வர்ட் கலை அருங்காட்சியகம் வேறு வழி பிடித்தது. பழைய வண்ணப் புகைப்படங்களையும், மாட்டாமல் தங்கிப்போனதால் வெளுக்காத ஆறாவது கேன்வாஸையும் வைத்து மூல வண்ணத்தைக் கணக்கிட்டார்கள். எங்கே எவ்வளவு நிறம் குறைகிறதோ, அங்கே அந்த அளவு நிறத்தை மட்டும் புள்ளி புள்ளியாக ஒளியாகப் பாய்ச்சும்படி புரொஜெக்டர்களை அமைத்தார்கள். கேன்வாஸை யாரும் தொடவில்லை. ஆனால் 1964-இன் அடர்சிவப்பு திரும்பி வந்து நின்றது. குறுக்கே கையை நீட்டினால், அந்தத் திருத்தம் கையின்மேல் விழும்.

கண்காட்சி நடந்த நாட்களில், தினமும் மாலை நான்கு மணிக்குப் புரொஜெக்டர்களை அணைத்துவிடுவார்கள். சுவரில் வெளுத்த நீலம் மட்டும் இருக்கும்.